ஆறு மணிக்கு வந்த போன்

தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும்போது, இந்த ஊரில் தண்ணீர் மோட்டார் போடுகிற ஒரே மனிதர் மூர்த்திதான். ஊரே கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி அரோகரா போடும். செங்கம் ரோட்டில் அவர் வேலை பார்க்கிற லாட்ஜின் பின்பக்கம் மோட்டார் கத்திக்கொண்டிருக்கும். தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் தெருவுக்கு வந்தாலும் நிறுத்த மாட்டார். "சாமிக்குத் தனியா தீர்த்தவாரி நடத்துறாரு பாரு" என்று நானே பல வருஷம் கேலி செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் பெயர் வேதா. கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாதிச் சான்று, பட்டா, பென்ஷன் என்று எந்த விண்ணப்பமானாலும் என் கடையில் நிரப்பி அனுப்பலாம். வேலை பத்து நிமிஷம், வேதாம்மாவிடம் திட்டு வாங்க இன்னொரு பத்து நிமிஷம் என்று சனங்கள் நேரம் ஒதுக்கிக்கொண்டுதான் வருவார்கள். தப்பும் தவறுமாகப் பேப்பர் கொண்டுவந்தால் எனக்குக் கோபம் வரும். என் சுபாவம் அப்படி.

மூர்த்தி என்னிடம் ஒரு தடவைகூடத் திட்டு வாங்கியதில்லை. அடி அண்ணாமலைக்காரர், வயது ஐம்பத்தேழு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாட்ஜில் பதினொரு அறை. சாவி மாட்டும் பலகை அவர் மேஜைக்குப் பின்னால் இருக்கும். அந்தி சாய்ந்தால் ஒவ்வொரு ஆணியிலும் விரலை வைத்து எண்ணுவார். சாவி வந்தால் மட்டும் போதாது, ஆளும் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். ஒரு ஜெர்மன்காரம்மா சாவியைத் தோழியிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பின்வாசல் வழியாக மேலே போய்ப் படுத்துவிட்டாள். இவர் கதவைத் தட்டி, எழுப்பி, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினார். முதலாளியிடம் புகார் போனது. "ஆளப் பாக்காம நான் எப்படிங்க சாவிய மாட்றது?" என்றாராம்.

ஏன் இப்படி என்று எனக்கும் தெரியாது. போன நவம்பரில்தான் தெரிந்தது.

1998-ல் கிணறு வற்றி, வேர்க்கடலை கருகிய வருஷம், வேலூர் ஏஜென்ட் ஒருவன் இந்தப் பக்கத்திலிருந்து பதினாலு பேரைக் கப்பல் துறை வேலைக்குக் கூட்டிப்போனான். அதில் மூர்த்தியும் ஒருவர். அவர் போன ஊரின் பெயர் என் வாயில் நுழையாது. நம் ஆட்கள் 'துறை' என்றே சொன்னார்கள். ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல். முன்னே அங்கே இருந்தது நாலைந்து மீன்பிடிக் குடிசைகள் மட்டுமே. உள்ளே நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலை முழுக்க இரும்புத் தாது என்று வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று கண்டுபிடித்தது. மலையிலிருந்து கடல் வரைக்கும் தண்டவாளம் போட்டார்கள். கடலுக்குள் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டி அதன்மேல் தாதைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் பெல்ட் ஓட்டினார்கள். அப்புறம் வேலைக்காரர்களுக்கு வீடு, வீடுகளுக்குக் கடை, கடைசியாக ஆஸ்பத்திரியும் ஜெயிலும். அந்த ஊர் பிறந்த வரிசை அது.

"குடிக்கத் தண்ணி ரயில்ல வரும், வெங்காயம் கப்பல்ல வரும். மரம்னு பாத்தா ஆஸ்பத்திரி வாசல்ல ஒண்ணே ஒண்ணுதான்" என்பார் மூர்த்தி. கப்பல் நின்றால் ஊர் முழித்திருக்கும். கப்பல் போய்விட்டால் சலூன்காரன்கூட ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்குவான். சீனாவில் இரும்பு விலை ஏறினால் துறையின் ரொட்டிக் கடையில் கூட்டம் சேரும். இறங்கினால் பத்துப் பேருக்கு வேலை போகும். எல்லோர் சட்டையிலும் சிவப்புத் தூசி. எத்தனை துவைத்தாலும் போகாது.

"மலைய வச்சுதான் நம்மூரும் பொழைக்குது, அந்த ஊரும் பொழச்சுது" என்று ஒரு நாள் சொன்னார். "நாம சுத்துறோம். அவன் வெட்டிட்டான்."

வெட்டி முடித்ததும் ஊரும் முடிந்தது. நல்ல தாது தீர்ந்தது. பாலத்தடியில் ஆழம் போதாது, பெரிய கப்பல் வராது என்று தெற்கே வேறு துறைமுகம் கட்டினார்கள். மூன்றே வருஷத்தில் சனம் காலி. 2011-ல் கடைசிக் கூட்டத்தோடு மூர்த்தி திரும்பி வந்தார்.

பதினாலு பேரில் திரும்பி வராதவர் ஒருவர். சடையன். மூர்த்திக்குப் பக்கத்து நிலத்துக்காரர், துறையில் பக்கத்துக் கட்டில்காரர். சடையனின் மனைவிதான் ஆராயி.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் நடந்தவர்கள் ஆராயியைப் பார்த்திருக்கலாம். வேர்க்கடலை வேகவைத்து உப்புப் போட்டு விற்பாள். பௌர்ணமிக்கு நாலு அண்டா போகும். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. அந்தக் கயிற்றைப் பற்றித்தான் இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கு வாய் ஓயவில்லை.

2003 தீபத்தன்று ஆறு மணிக்கு சடையன் போன் செய்வதாக ஏற்பாடு. ஆறு என்பது அங்கே பகல் பன்னிரண்டரை. அடி அண்ணாமலையில் அப்போது ஒரே ஒரு எஸ்டிடி பூத். ஆராயி ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். சரியாக ஆறுக்கு மணி அடித்தது. எடுத்து, "ஏங்க, வந்துட்டீங்களா? இருங்க, ஏத்தப் போறாங்க, கேளுங்க" என்று ரிசீவரை ஒயர் எட்டும் வரைக்கும் வெளியே நீட்டினாள். தீபம் தெரிந்தது. ஊர் முழுக்க அரோகரா. சத்தம் அடங்கியதும் காதில் வைத்து, "கேட்டுதா?" என்றாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. அப்புறம் வைத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து ஏஜென்ட் கடுதாசி போட்டான். அன்று பகல் பன்னிரண்டு இருபதுக்கு சடையன் டோக்கன் எடுத்துக்கொண்டு வெளியே போனதாக ரிஜிஸ்தரில் இருக்கிறது, அதன் பிறகு ஆளைக் காணோம், 'ஓடிப்போனவர்' என்று கம்பெனி எழுதிவிட்டது. அந்தக் கரையிலிருந்து கள்ளப் படகில் ஸ்பெயின்காரன் தீவுக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். ஊருக்கு இது போதாதா? பன்னிரண்டு இருபதுக்கு வெளியே வந்தவன் பன்னிரண்டரைக்குப் போன் போட்டிருக்கிறான், பேசவில்லை. தப்பு செய்கிறவனுக்கு எப்படிப் பேச்சு வரும் என்றார்கள். வெள்ளைக்காரியோடு இருக்கிறான் என்றார்கள். செங்கம் ரோட்டில் எந்த வெள்ளைக்காரி போனாலும், "ஆராயி, உன் சக்களத்தியா பாரு" என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் நல்லா இருக்கட்டும், வேறென்ன சொல்ல?

ஆராயி அழுது நான் பார்த்ததில்லை. அவளிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. "பேசலன்னா இன்னாக்கா? முழுசா கேட்டாரு. வுட்டுட்டுப் போற மனுஷன் அரோகராவ முழுசா கேட்டுட்டா போவான்?"

அந்த ஒரு போனை வைத்துக்கொண்டு அவள் வாழ்ந்தாள். பூத் இருந்த இடத்தில் இன்று ரீசார்ஜ் கடை. ஒவ்வொரு தீபத்துக்கும் அதே இடத்தில் நின்று செல்போனை மலையைப் பார்த்துத் தூக்கிப் பிடிப்பாள். சுற்றி ஆயிரம் பேர் அதேபோல் தூக்கி வீடியோ எடுப்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இவள் எடுப்பது வீடியோ இல்லை. அவர் எந்த நம்பருக்குப் போடுவார் என்றெல்லாம் அவள் யோசித்ததில்லை.

அவளுக்காக நான் 2012-லேயே பென்ஷன் படிவம் எடுத்து வைத்தேன். 'கணவனால் கைவிடப்பட்டவர்' என்று தலைப்பு. படித்துக் காட்டியதும் நாலாகக் கிழித்து என் மேஜைமேல் போட்டுவிட்டுப் போனாள். ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் கோர்ட்டில் இறந்தவர் என்று வாங்கலாம், விதவைப் பென்ஷன் கிடைக்கும் என்றேன். அதற்கு என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஒருத்தி ஒன்று கைவிடப்பட்டவளாக இருக்க வேண்டும், அல்லது விதவையாக இருக்க வேண்டும். இரண்டுமில்லாதவளுக்கு சர்க்காரிடம் படிவம் கிடையாது. அவளிடமும் எனக்குக் கோபம்தான்.

மூர்த்தி திரும்பி வந்ததிலிருந்து அவளுக்கு எல்லா ஒத்தாசையும் அவர்தான். கூரை மாற்றினார், அடுப்புக்கு விறகு இறக்கினார், முட்டி வலிக்கு ஆஸ்பத்திரி கூட்டிப்போனார். "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்று நானே பாராட்டியிருக்கிறேன். பாராட்டும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும். அடக்கம் என்று நினைத்தேன்.

போன நவம்பர், தீபத்துக்குக் கொடியேற்றம் நெருங்கிய சமயம். பகல் பதினொரு மணி இருக்கும். மூர்த்தி தன் டிவிஎஸ்ஸில் ஆராயியைக் கூட்டிவந்தார். அவள் முட்டி வீங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"அந்த பென்ஷன் பாரத்த எடுக்கா. அண்டா தூக்க முடியல. இன்னா பேர் வேணா போட்டுக்கோ."

படிவத்தை எடுத்துக்கொண்டேன். அதே நேரம் மூர்த்தி தன் போனை நீட்டி, "இதுல நாலு படம் இருக்குது வேதாம்மா, பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றார். துறையில் கூட இருந்த யாரோ ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. மிஷினில் போட்டுவிட்டு, இந்தப் பக்கம் நான் படிவத்தை நிரப்பினேன்.

முதல் படத்தில் ஜன்னல் வரைக்கும் மணல் ஏறிய வீடுகள். இரண்டாவதில் ஆஸ்பத்திரி வாசல் மரம், பட்டுப்போய் நின்றது. மூன்றாவதில் கடல். அங்கே பாலம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர். பழைய இரும்புக்காக அறுத்து எடுத்துப்போய்விட்டார்களாம். அந்தப் படத்தை மூர்த்தி கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் வழக்கப்படி சத்தமாகப் படித்தேன். "கணவர் பெயர் சடையன். 8-12-2003 அன்று மனுதாரரைக் கைவிட்டுச் சென்றுவிட்டார். இங்க கையெழுத்துப் போடு ஆராயி."

அவள் பேனாவை வாங்கினாள்.

"போடாத" என்றார் மூர்த்தி.

இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"போடாதம்மா. அவன் உன்ன வுடல. அவன் எங்கியும் போகல."

சட்டைப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் மேஜைமேல் அவிழ்த்தார். இரண்டு பித்தளை வில்லைகள். ஒன்றில் 62 என்று இருந்தது, மற்றதில் 63. அவர் சொன்னதை நான் வரிசையாகச் சொல்கிறேன். அவர் சொன்னபோது வரிசை இல்லை.

கப்பலில் ஓர் அறை நிரம்பியதும் பெல்ட்டை நிறுத்தி அடுத்த அறைக்குத் திருப்புவார்கள். அந்த அரைமணி நேரத்தில், பெல்ட் தாதைக் கப்பலுக்குள் இறக்கும் தொட்டியில் ஆட்கள் இறங்கி, அடைத்துக்கொண்ட தாதைக் குத்திவிட வேண்டும். ரைஸ் மில்லில் நெல் கொட்டும் தொட்டி போல, ஆனால் ஒரு வீடு அகலம். இறங்குகிறவன் தன் வில்லையை, அதுதான் டோக்கன், பலகையில் மாட்டிவிட்டு இறங்குவான். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். ஒரே ஒரு டோக்கன் தொங்கினாலும் பெல்ட்டை ஓட்டக் கூடாது. அவரவர் டோக்கனை அவரவர்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம்.

நம் ஆட்களுக்குச் சட்டத்துக்கு மேல் ஒரு வழக்கம் இருந்தது. துறையில் போன் பூத் இரண்டுதான். நேரம் தவறினால் வீட்டுக்குப் பேச முடியாது. அதனால் முதலில் ஏறியவன் பூத்துக்கு ஓடுவான், பின்னால் வருகிறவன் அவன் டோக்கனையும் சேர்த்து எடுத்துவருவான். ஐந்து வருஷம் அப்படித்தான் நடந்தது.

"காத்தால சொன்னான். 'இன்னிக்கி தீபம், பன்னெண்டரைக்கு ஆராயி காத்திருப்பா, நான் முன்னாடியே ஓடிடுவேன், என்னுதையும் எடுத்துடு'ன்னு. நான் ஏறி வந்தப்ப அவனக் காணோம். ஒரு தபா கூப்ட்டேன். ஒரே தபாதான். ஓடிட்டான்னு நெனச்சு ரெண்டையும் எடுத்துட்டேன். பெல்ட் ஓட்டச் சங்கு ஊதிட்டாங்க."

மூர்த்தி பூத்துக்குப் போனார். சடையன் அங்கே இல்லை. பூத்துக்காரன் 'சடையன்' என்று கூப்பிட்டான், முறை வந்துவிட்டது. விட்டால் அடுத்தவன் எடுத்துக்கொள்வான். இதோ வந்துவிடுவான், அதுவரை லைனைப் பிடித்து வைப்போம் என்று மூர்த்தி ஊர் பூத் நம்பரைச் சொல்லி ரிசீவரை வாங்கினார். பேச வாயெடுப்பதற்குள் ஆராயி ரிசீவரை வெளியே நீட்டிவிட்டாள். அரோகரா கேட்டது. இன்னொரு கை சட்டைப் பையில் இருந்தது. அங்கே இரண்டு டோக்கனும் ஒன்றோடொன்று உரசின.

"அப்பதான் எனக்குப் புரிஞ்சுதும்மா. நீ 'கேட்டுதா'ன்னு கேட்ட. எனக்கு வாய் வரல."

திரும்பி ஓடினாராம். பெல்ட் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு இறங்கும் ஏணியில் சடையனின் தண்ணீர் பாட்டில் கயிற்றோடு தொங்கியது. எதையோ குத்தி முடிக்கக் கடைசியாக ஒருமுறை உள்ளே இறங்கியிருக்கிறார். தாதோடு தாதாகக் கப்பலுக்குள் போய்விட்டார்.

"சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தினேன். என்னை அடக்கிக்கொள்ள என்னாலேயே முடியவில்லை. "அப்பவே கத்த வேண்டியதுதானே மனுஷா?"

"கத்தல. டோக்கன எடுத்தவன ஜெயில்ல போடுவாங்க, மிச்ச ஆளுங்க எல்லாரையும் ஊருக்கு அனுப்புவாங்கன்னு பயம். நேரம் ஆக ஆக, இனிமே எப்படிச் சொல்றதுன்னு பயம். ஆபீஸ்ல கேட்டப்ப, அவன் பூத்துக்குப் போனான்னு சொல்லிட்டேன். கப்பல் அஞ்சு மணி வரைக்கும் அங்கயேதான் நின்னுது."

ஜெராக்ஸ் மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து அணைத்தேன்.

ஆராயி அழவில்லை, அடிக்கவும் இல்லை. 62-ஆம் நம்பரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"எது அவரோடது?"

"அதுதான்."

"அப்ப அரோகரா கேட்டது நீயா?"

மூர்த்தி தலையை ஆட்டினார்.

"அவரு கேக்கல."

"இல்லம்மா."

"அஞ்சு மணின்னா நம்மூருக்கு?"

"பத்தரை."

"பத்தரைக்கு நானு பொரி உருண்டை புடிச்சிட்டிருந்தேன். ஆளே இல்லாத வூட்டுல நாப்பது உருண்டை புடிச்சேன். போன் வந்த சந்தோசத்துல." வில்லையைத் திருப்பிப் பார்த்து, "கப்பல் எங்க போச்சு?" என்றாள்.

"சீனாவுக்கு. அங்க உருக்கிடுவாங்க."

படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "இது வாணாக்கா. விதவைன்னு இன்னொண்ணு இருக்குதில்ல, அத எடு. ஓடிப்போனவன் பொண்டாட்டி இல்ல நானு. பெருசா எழுது." எந்தப் பெண்ணும் அந்த வார்த்தையைத் தலை நிமிர்ந்து சொல்லி நான் கேட்டதில்லை. அவள் சொன்னாள்.

சாவுக்கு அத்தாட்சி வேண்டும், சாட்சி வேண்டும் என்றேன். மூர்த்தியைக் காட்டினாள். எழுதிக் கொடுத்தால் கேஸ் வரும் என்று அவரிடம் சொன்னேன். "எழுதுங்க வேதாம்மா" என்றார். இரண்டு பக்கம் டைப் செய்தேன். நான் இதுவரை அடித்ததில் தப்பே வராத இரண்டு பக்கம் அது. கையெழுத்துப் போட்டுவிட்டு, அவளை வீட்டில் விட டிவிஎஸ்ஸை எடுத்தார். அவள் ஏறவில்லை. வீங்கிய முட்டியோடு பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தே போனாள். 63-ஆம் நம்பர் மட்டும் என் மேஜையில் கிடந்தது. மூர்த்தி அதைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்தார்கள். எந்த நாடு, எந்த ஊர், அங்கே யாரைக் கேட்பது என்றார்கள். அந்த ஊரில் இப்போது யாரும் இல்லை. பாலம் இல்லை, பலகை இல்லை, ரிஜிஸ்தர் எங்கே என்று தெரியாது. மூர்த்தியை உட்கார வைத்து, எழுதி வாங்கி, கூப்பிடும்போது வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஜெயிலுக்குத் துணி எடுத்துக்கொண்டு போயிருந்தார். அந்தப் பையோடு லாட்ஜுக்குத் திரும்பினார். ஆராயியின் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

தீபத்தன்று நான் கடையைச் சாத்திவிட்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. ரீசார்ஜ் கடை வாசலில் வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இல்லை. அதற்குப் பதில் கறுப்புக் கயிற்றில் 62.

ஆறுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது போனில் ஒரு நம்பரைப் போட்டாள்.

"யாருக்கு?" என்றேன்.

அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். போனிலிருந்து தண்ணீர் மோட்டார் சத்தம் கேட்டது. அப்போதுதான் அந்த மோட்டார் எந்தச் சத்தத்தை மறைக்க என்று எனக்குப் புரிந்தது.

ஆராயி ஒரு வார்த்தை பேசவில்லை. மூர்த்தியும் பேசவில்லை. சில விநாடியில் அங்கே மோட்டார் நின்றது, அவரே நிறுத்தியிருக்கிறார். மலையுச்சியில் தீபம் தெரிந்தது. சனம் முழுக்கக் கை தூக்கியது. அரோகரா. ஆராயி கையை நீட்டி மலையைப் பார்த்துப் போனைப் பிடித்தாள், ஒயர் எட்டும் வரைக்கும் நீட்டியது போல. சத்தம் முழுவதும் அடங்கும் வரை கை இறங்கவில்லை.

பிறகு காதில் வைத்துக் கேட்டாள். மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வருசா வருசம் போடுவேன்க்கா. நான் இருக்கற வரைக்கும்" என்றாள்.

அடுப்பில் கடலை வெந்துவிட்டிருந்தது. நான் ஒரு பக்கம் பிடித்தேன், அண்டாவை இருவரும் சேர்ந்து இறக்கினோம்.